அடுத்த எண் டிக்கெட்

சேசு மரி சூசை

டன்லப் ஸ்ட்ரீட்,
சிங்கப்பூர்.
23.7.1978

அன்பு மச்சான் இயேசுதாசனுக்கு,

லாசரஸ் எழுதுவது. நானும் பிரிஜட்டும் சுகம். புருனையில் செரியாவில் இருக்கும் உங்கள் சுகத்துக்காக இன்று காலை லூர்து மாதா கோயிலில் பெரிய மெழுகுவர்த்தியாகப் பார்த்து ஏற்றிவிட்டு வந்துதான் பேனாவை எடுத்தேன்.

எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். உர்சுலாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் நான். தலையில் தண்ணீர் விழுந்தபோதுகூட அவள் அழவில்லை. சாமியாரின் மூக்குக்கண்ணாடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை பெரிய படிப்பு படிக்கும் என்று அங்கேயே சொன்னேன். நீங்கள் மறந்திருப்பீர்கள். இன்றைக்கு நம் இரண்டு குடும்பத்திலும் முதல் ஆளாக யூனிவர்சிட்டியில் கட்டடக் கலை படிக்கிறாள். அந்தப் படிப்பை கெண்ட் ரிட்ஜ் மலைக்குக் கொண்டுபோவார்கள் என்பதையும் நான் சொன்னேன். மலையில் ரோடு போடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாவதாக ஒன்று சொன்னேன். படிப்பு தொடங்கி மூன்று வாரம் தாண்டாது, வெளியே தங்கக் கேட்பாள் என்று. பதினெட்டாவது நாள் கேட்டுவிட்டாள் மச்சான்.

போன ஞாயிறு பூசை முடிந்து உட்லண்ட்ஸுக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். மேரி கோழிக்குழம்பு வைத்திருந்தாள். உப்பு குறைவு, நான் வாயைத் திறக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் உங்கள் மகள் ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைக்கிறாள். யூனிவர்சிட்டிக்குப் பக்கத்தில் பெண் பிள்ளைகள் விடுதி. அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்குச் சில அறைகள் காலியாகுமாம். அப்பா கையெழுத்துப் போட்ட தாள் அக்டோபர் பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டுமாம்.

"போக வரவே நாள் முடிஞ்சிடுது மாமா. ஒரு வழிக்கு டூ அவர்ஸ் ட்வென்டி மினிட்ஸ்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரிடம் யார் நேரம் சொல்வது? பன்னிரண்டு வருஷம் கண்டக்டர், பத்து வருஷமாக டிக்கெட் செக்கர். இந்தத் தீவில் எந்த பஸ் எந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 170ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் புக்கிட் திமா ஏழாவது மைல். அங்கே இறங்கி இன்னொரு பஸ். நானே போய்ப் பார்த்துவிட்டேன். ஒரு மணி பத்து நிமிடம். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்த கணக்கு.

அதைச் சொன்னதும் பிள்ளை என்ன சொன்னாள் தெரியுமா? "காலைல ஆறு மணி பஸ்ல ஏறிப் பாருங்க லா மாமா, அப்புறம் பேசுவோம்." மேரியும் சேர்ந்து சிரித்தாள். நான் பெரிய மனுஷன், பொருட்படுத்தவில்லை.

ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். ஒரு மணி பத்து நிமிடத்தில் போகிற இடத்துக்கு இரண்டு மணி இருபது நிமிடம் ஆகிறது என்றால், நடுவில் இருக்கிற ஒரு மணி பத்து நிமிடம் எங்கே போகிறது? சரியாகப் பாதி. சொந்த வீடும் சொந்தக் கட்டிலும் இருக்கிற பிள்ளைக்கு இன்னொரு அறை எதற்கு? நான் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் உங்களிடம் வைக்கிறேன்.

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நான் இங்கே இருக்கிறேன்.

உங்கள் பிரியமுள்ள,
லாசரஸ்

*

செரியா, புருனை.
4.8.1978

அன்புள்ள மச்சானுக்கு,

இயேசுதாசன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் அருளால் சுகம். உங்கள் கடிதமும் உர்சுலாவின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

அவள் படிவத்தையும் வைத்து அனுப்பியிருக்கிறாள். வரைபலகையையும் ஒரு கை நீளச் சட்டத்தையும் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறுவதாக எழுதியிருக்கிறாள். மற்ற பிள்ளைகள் மாலையில் ஒன்றாக உட்கார்ந்து வரையும்போது தான் மட்டும் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவதாகவும், அதனால் எல்லாரையும்விட ஒரு படம் பின்தங்கி நிற்பதாகவும் எழுதியிருக்கிறாள். உண்மையைச் சொன்னால், அதைப் படித்து முடித்ததும் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். பிறகுதான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன்.

நான் இங்கே எண்ணெய்க் கிணற்றுக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கையெழுத்து இல்லாமல் என் அறையிலிருந்து ஒரு போல்ட்டு வெளியே போகாது. போனபின் அது என்ன ஆனது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். ஒரு போல்ட்டுக்கே இப்படி என்றால் பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளைக்கு எப்படி?

நீங்கள் ஒரு மணி பத்து நிமிடம் என்கிறீர்கள். நீங்கள் பஸ்ஸிலேயே வாழ்கிறவர். அவள் ஏன் இரட்டிப்பாகச் சொல்ல வேண்டும்? சின்ன வயதில் அவள் பொய் சொன்னதில்லை. ஆனால் நான் ஊரைவிட்டு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு மாதம் பார்க்கிற தகப்பனுக்கு என்ன தெரியும்?

மேரியும் கையெழுத்துப் போடலாம்தான். "அவர் போடாமல் நான் போடமாட்டேன்" என்கிறாளாம். ஆகையால் எல்லாம் என் தலையில்.

படிவம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நீங்கள் அவளுடைய ஞானத்தகப்பன். கொஞ்சம் கண்ணை வைத்துப் பார்த்து, கண்டதை எழுதுங்கள். அதன்படி செய்கிறேன்.

அன்புடன்,
இயேசுதாசன்

*

சேசு மரி சூசை

சிங்கப்பூர்.
13.8.1978

அன்பு மச்சானுக்கு,

கண்டதை எழுதச் சொன்னீர்கள். கண்டேன். உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

முதலில் அவளுடைய பஸ்ஸில் ஏறினேன். அது என் ரூட் இல்லை. நண்பன் ஒருவனிடம் டியூட்டி மாற்றிக்கொண்டு, புதன்கிழமை காலையில் புக்கிட் பாஞ்சாங்கில் 170இல் காலை வைத்தேன். தொப்பியைக் கண்ணுவரை இறக்கிவிட்டிருந்தேன், என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது. அவள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய பலகை.

"டிக்கெட்," என்றேன், குரலை மாற்றி.

கண்ணைத் திறக்காமலே நீட்டினாள். "மாமா, உங்களுக்கு இந்த ரூட் இல்லையே."

"மேலிடத்து உத்தரவு. ஸ்பெஷல் டியூட்டி."

"என்னைப் பாக்க வந்தீங்களா?"

"டிக்கெட்டைப் பாக்க வந்தேன்."

"அப்பா சொன்னாரா?"

நான் அடுத்த ஆளின் டிக்கெட்டுக்குக் கையை நீட்டினேன். ஏழாவது மைலில் அவள் இறங்கினாள், நான் இறங்கவில்லை. அவசர வேலை வந்துவிட்டது. ஆனால் கவனியுங்கள் மச்சான், தகப்பன் சொன்னாரா என்று எடுத்த எடுப்பில் கேட்கிறாள். மடியில் எதுவும் இல்லாத பிள்ளைக்கு அந்த நினைப்பே வருமா?

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டதும் அவள் நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். மேரி அடுப்படியில் இருந்தாள். மேஜையில் அவளுடைய வரைபட நோட்டு. பக்கம் தெரிவதற்கு நடுவில் என்னவோ செருகி வைத்திருந்தாள். இழுத்துப் பார்த்தேன். பஸ் டிக்கெட்.

மற்றவர்கள் பஸ் டிக்கெட்டைப் பார்த்தால் கசங்கின தாள். நான் பார்த்தால் அது வாக்குமூலம். மேல் மூலையில் இருக்கிற எழுத்து எந்த டிப்போவுக்குக் கொடுத்த கட்டு என்று சொல்லும். துளை விழுந்த இடம் எங்கே ஏறினாள், எதுவரை போனாள் என்று சொல்லும். உர்சுலா தினம் போகும் பஸ்ஸின் டிக்கெட் இல்லை அது. காத்தோங் பக்கம் ஓடுகிற வண்டியினுடையது. வடக்கே உட்லண்ட்ஸில் வீடு, மேற்கே கெண்ட் ரிட்ஜில் படிப்பு, இதில் கிழக்கே காத்தோங்கில் என்ன வேலை?

அதோடு முடியவில்லை. ஒரு டிக்கெட் இல்லை மச்சான். இரண்டு. எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஒன்று 4417. மற்றது 4418.

பெட்டிபோல் இருக்கிற உங்கள் ஸ்டோர் அறையில் இருந்துகொண்டு உங்களுக்கு இது விளங்காது, நான் விளக்குகிறேன். கண்டக்டர் கட்டிலிருந்து வரிசையாகத்தான் கிழிப்பார். அடுத்தடுத்த எண் என்றால் அடுத்தடுத்து வாங்கியது. இரண்டும் ஒரே நோட்டில் இருக்கிறது என்றால் ஒரே கை இரண்டையும் வைத்திருந்தது. ஒரு சீட்டில் இரண்டு பேர். ஒன்று நம் பிள்ளை. இன்னொன்று யார்?

டிக்கெட்டை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டேன். நோட்டில் ஒரு காகிதத்தைச் செருகிவிட்டேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம் சும்மாவா?

உங்கள் பிரியமுள்ள,
லாசரஸ்

*

செரியா.
25.8.1978

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை வேலை இடத்தில் படித்தேன். அன்றைக்குச் சாமான் பட்டியலில் இரண்டு இடத்தில் தப்பாக எழுதினேன். இங்கே வந்த ஐந்து வருஷத்தில் அப்படி ஆனதில்லை.

உர்சுலாவுக்கு அன்று மாலையே எழுதினேன். மற்ற எதையும் கேட்கவில்லை. காத்தோங்குக்கு உன்னுடன் வந்தது யார் என்று மட்டும் கேட்டேன். பதில் வந்துவிட்டது. அதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"அப்பா, சிலோன் ரோடு பக்கத்தில் ஒரு பழைய பங்களாவை அளந்து, படம் வரைந்து, அதே மாதிரி அட்டையில் சின்னதாகச் செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பருவத்துக்கு அதுதான் முக்கியமான வேலை. சனிக்கிழமை போய்ப் பார்த்து வந்தேன். தனியாகத்தான் போனேன். யார் உங்களுக்கு வேறு மாதிரி சொன்னது?"

தனியாகத்தான் போனேன் என்கிறாள். என் கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. மேரியிடம் கேட்டால், பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரே வரி. மேரிக்கும் தெரிந்திருக்குமோ, மறைக்கிறாளோ என்றுகூட நினைப்பு போகிறது. இப்படி நினைப்பது பாவம் என்று தெரிகிறது. நிறுத்த முடியவில்லை.

யாரையாவது பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும். பேசியிருக்கலாம். இல்லை என்று என் கண்ணைப் பார்த்துச் சொல்வதுபோல எழுதியிருக்கிறாளே.

விடுதி கிடையாது என்றும், அடுத்தடுத்த எண்ணில் இரண்டு டிக்கெட் அகப்பட்டது என்றும் அவளுக்கு எழுதிவிட்டேன். படிவத்தைக் கிழித்துவிட்டேன். நீங்கள் ஒரு தடவை அந்த பங்களாவுக்குப் போய் விசாரியுங்கள்.

இயேசுதாசன்

*

சேசு மரி சூசை

சிங்கப்பூர்.
10.9.1978

அன்பு மச்சானுக்கு,

போனேன். சிலோன் ரோடு பிள்ளையார் கோயிலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் அந்த பங்களா. கடற்காற்றில் பெயிண்ட் உரிந்து நிற்கிறது. ஆள் குடியிருந்து பல காலம் ஆகியிருக்கும். ரகசியமாகச் சந்திக்கிறவர்களுக்கென்றே கட்டினதுபோல இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

காவல்காரர் நம் ஊர்க்காரர். துரைசாமி என்று பேர். நான் போலீஸ் இலாகாவுக்கு வேண்டியவன் என்பதுபோல லேசாகக் காட்டிக்கொண்டேன். நடுங்கிவிட்டார்.

"ஒரு பொண்ணு வருதா இங்க?"

"வருதுங்க. சனிக்கிழமை சனிக்கிழமை. சுவரை அளக்குது, எழுதிக்குது, போவுது. பூச்சி கடிக்குதேன்னு நான்தான் ஒரு நாள் காப்பி போட்டுக் கொடுத்தேன்."

"கூட யாரு?"

"யாரும் இல்லீங்க. அளக்கிற டேப்போட ஒரு முனையில செங்கல்லைத் தூக்கி வைக்குது. மறு முனையை இழுத்துக்கிட்டு ஓடுது. செங்கல் நழுவிப்போச்சுன்னா திரும்பி வந்து மறுபடி வைக்குது. பாக்கவே கஷ்டமா இருக்கும். நான் பிடிக்கிறேன் தங்கச்சின்னு சொன்னேன். வேணாங்க, யாரும் பிடிச்சாங்கன்னு இருக்கக் கூடாதுன்னிடுச்சு."

இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ. என் அனுபவத்தில், காப்பி வாங்கிக் குடிக்கிற காவல்காரரும் காப்பி போட்டுக் கொடுக்கிற காவல்காரரும் முழு உண்மை சொல்வதில்லை. காவல்காரர் பார்க்கும்போது தனியாக இருக்கிறாள் என்றால், அவர் பார்க்காதபோது எப்படி என்று ஒரு கேள்வி இருக்கிறது. கேள்வியாகத்தான் சொல்கிறேன்.

இன்று உங்கள் வீட்டில் உர்சுலா என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டாள், தண்ணீர் வைத்தாள், உள்ளே போய்விட்டாள். முகத்தில் பாதி ஆளைக் காணோம். மேரி கோழிக்குழம்பில் இந்தத் தடவை உப்பு சரியாகப் போட்டிருந்தாள். ஏனோ எனக்குத்தான் இறங்கவில்லை.

இந்த விஷயத்தை இதோடு விட்டுவிட்டால்கூட நல்லதுதான் என்று தோன்றுகிறது. பிள்ளை வீட்டிலிருந்து போய் வருகிறாள், அதுதானே நமக்கு வேண்டியது.

உங்கள்,
லாசரஸ்

*

செரியா.
19.9.1978

அன்புள்ள மச்சானுக்கு,

விட்டுவிடுவதா? நீங்கள்தான் கண்ணைத் திறந்துவைத்தீர்கள். இப்போது மூடச் சொன்னால் எப்படி?

உர்சுலா எனக்கு எழுதுவதை நிறுத்திவிட்டாள். மூன்று வாரம் ஆகிறது. மேரிதான் எழுதினாள். மூன்று வாரமாகச் செய்த அட்டை வீடு பஸ் நெரிசலில் நசுங்கிப் போனதாம். ஆசிரியர் இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிவரை தவணை கொடுத்திருக்கிறாராம், அதற்குள் மறுபடி செய்துகொண்டு போகாவிட்டால் இந்த வருஷத்தை மறுபடி படிக்க வேண்டுமாம். நெரிசலில்தான் நசுங்கியதா, வேறெங்காவது போட்டுவிட்டு வந்தாளா, எனக்கு எதுவும் நம்பிக்கை வரவில்லை. இப்படி ஆகிவிட்டேன்.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். டிசம்பரில் விடுமுறைக்கு வரும்போது அவள் படிப்பை நிறுத்திவிட்டு, மேரியையும் அவளையும் இங்கே அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். இங்கே கம்பெனி ஆபீசில் தட்டச்சு வேலை கிடைக்கும். என் கண் முன்னால் இருக்கட்டும்.

ஆனால் காரணம் சொல்லாமல் செய்யமாட்டேன். நேருக்கு நேர் உட்காரவைத்து, அந்த இரண்டு டிக்கெட்டையும் மேஜைமேல் வைத்துக் கேட்பேன். அவள் என்னைப் பார்த்துச் சொல்லட்டும். 4417, 4418 இரண்டையும் கவரில் வைத்து உடனே அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தவறிவிடக் கூடாது. என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாமானைக் கண்ணால் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இயேசுதாசன்

*

சேசு மரி சூசை

டன்லப் ஸ்ட்ரீட்,
சிங்கப்பூர்.
28.9.1978

அன்பு மச்சானுக்கு,

பதிவுத் தபாலில்தான் அனுப்புகிறேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று டிக்கெட். ஒரு படிவம். டிக்கெட்டில் ஒன்று மட்டும் தனியாக ஒரு தாளில் மடித்திருக்கிறது, அது 4417. மற்ற இரண்டும் கிளிப் போட்டு இருக்கிறது, எண் 0962, 0963. 4418ஐப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பிரிஜட் வாசித்துவிட்டு, "ரெண்டு டிக்கெட்டா? எடுத்துட்டு வாங்க, நானும் பாக்கிறேன்" என்றாள். டிப்போவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். சட்டையே போடாமல் கிளம்பியவன், வாசலுக்குப் போய்த்தான் திரும்பி வந்து போட்டுக்கொண்டேன்.

நேற்றுக் காலை உட்லண்ட்ஸில் ஆறு மணி 170இல் ஏறினேன். உடுப்போடு, தொப்பியை நேராக வைத்துக்கொண்டு. அந்த நேரத்துக்கே ஜொகூரிலிருந்து வந்த கூட்டத்தில் பஸ்ஸில் நிற்க இடமில்லை. நான் சத்தம் போட்டு வழி விடச் சொன்னதால்தான் பஸ்ஸே நகர்ந்தது என்று சொல்லலாம்.

நடுவில் ஒரு சீட்டில் உர்சுலா. அவளுக்குப் பக்கத்தில், ஜன்னலோரத்தில், மேரியின் பழைய நீலப் புடவையால் மூடி ஒரு பெட்டி. நின்றுகொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் என் உடுப்பைப் பார்த்ததும் கையை நீட்டி முறையிட்டார். ஆள் நிற்கிறான், பெட்டி உட்கார்ந்திருக்கிறது, இது என்ன நியாயம் என்று. பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

"டிக்கெட்," என்றேன்.

உர்சுலா என்னைப் பார்த்தாள். பையைத் திறந்து நீட்டினாள். இரண்டு டிக்கெட். 0962, 0963.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு வீட்டுக்கு," என்றாள்.

"வீட்டுக்கா?"

புடவையை விலக்கிக் காட்டினாள். காத்தோங் பங்களா மச்சான். உரிந்த பெயிண்ட்கூட அப்படியே இருந்தது. நான் அந்த வாசலில் நின்றவன், எனக்குத் தெரியும். துரைசாமி உட்கார்கிற முக்காலியைக்கூடத் தீக்குச்சியில் செய்து வைத்திருந்தாள்.

"போன தடவை மடியில வச்சிருந்தேன். ஏழாவது மைல் வர்றதுக்குள்ள நசுங்கிடுச்சு. அதான் இந்தத் தடவை அதுக்கும் சேர்த்து எடுத்தேன்."

"செங்கல் வச்சு அளந்தியாமே."

"ஆயிஷான்னு என் கிளாஸ் பொண்ணு கூட வர்றேன்னுதான் சொன்னா. அப்பா லெட்டர் வந்த பிறகு நான்தான் வேணாம்னுட்டேன். யார் வந்தாலும், வந்தது யாருன்னு கேப்பாரு."

சட்டப்படி சாமானுக்கு சீட் கிடையாது. டிக்கெட் வாங்கியிருந்தாலும் கிடையாது. பத்து வருஷமாக நானே எத்தனையோ கூடைகளையும் கோழிகளையும் கீழே இறக்கியிருக்கிறேன். அந்த மலாய்க்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் இருக்கிறது, உட்காரட்டும் என்று சொல்லிவிட்டேன். மலாயில்தான் சொன்னேன், என் மலாய் நன்றாக இருக்கும், உங்களுக்குத் தெரியும். எவனாவது புகார் எழுதியிருப்பான். எழுதட்டும்.

இறங்காமல் கூடவே போனேன். ஏழாவது மைலில் மாறுகிற பஸ் இரண்டு தடவை நிற்காமலே போனது, அவ்வளவு கூட்டம். மூன்றாவதை ரோட்டின் நடுவில் நின்று நான் நிறுத்தினேன். இடித்துத் தள்ளியிருந்தாலும் அசைந்திருக்கமாட்டேன். அதில் உட்கார இடமே இல்லை. கெண்ட் ரிட்ஜ்வரை நானும் அவளுமாக அந்த வீட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு மூலையை நான், ஒரு மூலையை அவள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி இருபத்தேழு நிமிடம். இதுவரை யாரும் இவ்வளவு துல்லியமாகக் கணக்கெடுத்திருக்கமாட்டார்கள். உங்கள் மகள் உங்களுக்கு எழுதியதைவிட ஏழு நிமிடம் கூட. அவள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

வாசலில் வீட்டை அவள் கையில் கொடுத்தேன். அவள் அந்த இரண்டு டிக்கெட்டையும் என் சட்டைப் பையில் செருகினாள்.

"மாமா, உங்களுக்கு வேண்டியது ரெண்டு டிக்கெட்தானே. நம்பர்கூட அடுத்தடுத்து இருக்கு. அப்பாவுக்கு அனுப்பிடுங்க. பக்கத்து சீட்ல யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன்னு எழுதுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டாள். ஒரு நாள் முன்னதாகவே கொண்டுபோய் வைத்துவிட்டாள், ஆசிரியர் ஏற்றுக்கொண்டார் என்று மேரி இன்று சொன்னாள்.

அங்கேயே விசாரித்து விடுதிப் படிவம் ஒன்று புதிதாக வாங்கினேன். ஆபீசில் இருந்த பெண் நீங்கள் தகப்பனா என்று கேட்டாள். தகப்பன் மாதிரி என்றேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போட்டு அனுப்பினால் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வேண்டுமானால் அவளுடைய கட்டிலையும் பெட்டியையும் நானே பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உட்லண்ட்ஸுக்கு இனி போகலாமா, கூடாதா என்று நீங்கள் எழுதும் பதிலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். மேரியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
லாசரஸ்

பி.கு. 4418ஐப் பற்றி எழுதுகிறேன் என்றேன். உங்கள் கடிதம் வந்ததும் இரண்டு நாள் டிப்போவில் பழைய டிக்கெட் கொட்டுகிற சாக்குகளைக் கிளறினேன். எங்கேயாவது கிடக்கும், எடுத்து அனுப்பிவிடலாம் என்று. கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அனுப்பியிருப்பேன், அதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு அவளும் மேரியும் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மலைக்கு நான் நேற்றுத்தான் முதல் தடவை போனேன். கண்டதை எழுதுங்கள் என்று நீங்கள் கேட்டபோது என் கையில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. ஒரு டிக்கெட்டை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கத்துக்குமேல் வரவில்லை மச்சான். அந்த நோட்டில் இருந்தது 4417 மட்டும்தான். அடுத்த எண்ணை நான் போட்டேன்.